ஊமைத் தொட்டி

என் அக்காவுக்குத் தொழிற்சாலையில் 'மூஞ்சி அக்கா' என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அது அவள் முகத்தைப் பற்றிய கிண்டல் என்று நினைத்துக்கொள்வார்கள். கிண்டல் செய்ய வேண்டும் என்று கிளம்பினால் அவள் முகத்தில் சங்கதி இல்லாமல் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்த மூக்கு, முன்பல்லில் பாதி, இடது புருவத்தை இரண்டாகப் பிரித்த தழும்பு. ஆனால் அந்தப் பெயர் முகத்தால் வந்ததல்ல, வேலையால் வந்தது.

நாங்கள் சோலார் செல் செய்கிற இடத்தில் வேலை பார்த்தோம். இரண்டு தாள் தடிமனில் அறுத்த சிலிக்கான் தகடுகள் பெட்டி பெட்டியாக எங்களிடம் வரும். வரும்போது சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்புதான் எங்களுக்குப் பகை. வெயில் நூறு பங்கு விழுந்தால் முப்பது, முப்பத்தைந்து பங்கை அது அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தில்தான் மின்சாரம் எடுக்க வேண்டும். அதனால் தகட்டை ஆசிடும் வெள்ளி உப்பும் கலந்த தொட்டியில் இறக்குவார்கள். வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தகட்டின் மேல் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் ஆசிட் கீழ்நோக்கித் துளைத்துக்கொண்டே போகும். பிறகு வேறொரு தொட்டியில் வெள்ளியைக் கழுவி எடுத்துவிட்டால், தகட்டின் மேல் ஊசிக்காடு ஒன்று நிற்கும். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஐந்நூறு ஊசிக்கு மேல் நிற்கும் என்று எங்கள் இன்ஜினியர் சொல்வார். அந்தக் காட்டுக்குள் நுழைந்த வெளிச்சத்துக்கு வெளியே வர வழி தெரியாது. தகடு கன்னங்கரேல் என்று ஆகிவிடும்.

வரிசையின் கடைசியில் அக்கா நிற்பாள். உலர்ந்து வருகிற ஒவ்வொரு தகட்டையும் பிளாஸ்டிக் இடுக்கியால் ஓரத்தில் பிடித்து, முகத்துக்கு நேரே தூக்குவாள். கறுப்புக்குள் எதுவும் தெரியவில்லை என்றால் தகடு தேறியது. மூக்கோ கண்ணோ நிழலாகத் தெரிந்தாலும் தள்ளுபடி. தள்ளுபடித் தகட்டுக்கு எங்கள் பேச்சில் 'மூஞ்சி' என்று பெயர். இன்றைக்கு எத்தனை மூஞ்சி என்று சூப்பர்வைசர் கேட்பார். உன்னையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று யாராவது முணுமுணுப்பார்கள். தகட்டின் கறுப்பை அளக்க ஒரு மெஷினும் இருந்தது. அது பழுதாகி நின்ற ஆறு வாரமும் அக்காவின் கண்தான் மெஷின். மெஷின் திரும்பி வந்து சரிபார்த்தபோது இரண்டாயிரத்துக்கு மூன்று தகட்டில்கூட அவள் தவறவில்லை.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் கண்ணாடி கிடையாது. கடைசியாக இருந்த கண்ணாடியை என் அத்தான் அவள் நெற்றியைக் கொண்டே உடைத்தார். புருவத் தழும்பு அப்போது வந்ததுதான். ஒருநாள் நல்ல தகடு ஒன்றை என் முன்னால் தூக்கிக் காட்டி, "இதுல நான் இல்லாம இருந்தாத்தான் சரி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

அத்தானும் அதே வரிசையில்தான் இருந்தார். தொட்டி அவர் பொறுப்பு. எங்கள் வரிசையில் ஆசிட் தொட்டிகள் இரண்டு. வெள்ளியைக் கழுவுகிற தொட்டி புகையும், நெடி மூக்கைப் பிடுங்கும், ஒரு சொட்டு பட்டால் தோல் மஞ்சளாகித் துள்ள வைக்கும். அதனிடம் எல்லோருக்கும் பயம். தகட்டைத் துளைக்கிற தொட்டியோ தண்ணீர் மாதிரி சும்மா கிடக்கும். பட்டால் எரியாது, சிவக்காது. தோலுக்குள் இறங்கி, சதையைத் தாண்டி, எலும்பில் இருக்கிற சுண்ணாம்பைத் தேடிப் போகும். நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் வலிக்க ஆரம்பிக்கும். அப்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைத் தொட்டி. வெளியே தெரியாமல் உள்ளே கன்றிப்போவதை ஊமைக்காயம் என்போமே, அந்த ஊமை. பட்டால் உடனே கழுவிவிட்டு, முதலுதவி அறையில் இருக்கிற கால்சியம் ஜெல்லியைத் தேய்க்க வேண்டும். உடனே தேய்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்று மாதம் ஒருமுறை எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்வார்கள். அத்தான் அந்தக் கூட்டத்தில் கொட்டாவி விடுவார்.

அத்தானைப் பற்றி நியாயமாகச் சொல்ல எனக்கு வராது, முயற்சி செய்யவும் போவதில்லை. குடிப்பவர் இல்லை. சீட்டு ஆடுபவரும் இல்லை. குடித்துவிட்டு அடித்தார் என்று சொல்லக்கூட ஒரு சாக்கு வைக்காதவர். குழம்பில் உப்பு கூடினால் அடிப்பார், பதில் சொன்னால் அடிப்பார், சொல்லாவிட்டால் திமிரா என்று கேட்டு அடிப்பார். கல்யாணமான மூன்றாவது மாதம் கதவிடுக்கில் அவள் சுண்டுவிரலை வைத்துச் சாத்தினார். அடுத்த வருடம் மூக்கு. அதற்கடுத்து, தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதியதில் வலது காது பாதி போயிற்று. ஒருமுறை அவள் அலறாமல் இருக்க வாயைப் பொத்தினார். அவள் அவர் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டாள். அதற்கு அவளுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. அவர் கட்டைவிரலில் குறுக்கே ஒரு கோடு நிலைத்தது. பதினோரு வருடத்தில் அவள் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு கடி மட்டும்தான்.

ஒவ்வொரு முறையும் தெருமுனை கிளினிக்குக்குப் போவார்கள். இவரும் கூடவே போவார், அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பார். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்பார். அவர் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்ததை அவள் ஒப்பிப்பாள்: வழுக்கி விழுந்துட்டேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டுத் தரையை என்ன எண்ணெயிலயா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாராம். அத்தான் அதற்குச் சத்தமாகச் சிரித்தாராம். அக்காவும் சிரித்தாளாம்.

நான் சும்மா இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது, அவர் அவளைத் தரையில் போட்டு முதுகில் மிதித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பிலிருந்த வாணலியைத் தூக்கி அவர் தோளில் போட்டேன். சூடான வாணலி. தோல் வாணலியோடு உரிந்து வந்தது. அவர் என்னை மாடிப்படியில் தள்ளினார், பதினான்கு படி, முழங்கால் சில்லு உடைந்தது. மருத்துவமனையில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள், தங்கச்சி வழுக்கி விழுந்துட்டா என்று. அதற்காக அவளோடு நான் எட்டு மாதம் பேசவில்லை. அவரைக்கூட ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம், இவளை என்ன செய்வது என்று இருந்தது.

அவர்களுக்கு ஒரு மகள். ஒன்பது வயது. அவள் மேல் மட்டும் அவர் கை வைத்ததில்லை. அதைச் சொல்லித்தான் அக்கா எங்கள் வாயை அடைப்பாள். நான் சொல்லப்போகிற நாளுக்கு முந்தைய வாரம் அதுவும் முடிந்தது. செருப்பை வாசலில் குறுக்கே போட்டாள் என்று குழந்தையின் கன்னத்தில் அறைந்தார். காதுக்குக் கீழே நான்கு விரலும் பதிந்திருந்தன. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தை சொல்லியிருக்கிறது: வழுக்கி விழுந்துட்டேன். டீச்சர் இதை அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள், தரையில் பார்த்து நடக்கச் சொல்லுங்கள் என்று. அன்று மாலை அக்கா என்னிடம் வந்து இதைச் சொன்னாள். அவள் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இனி அந்த நாள். காலை பத்து மணி இருக்கும். அக்கா தூக்கிய ஒரு தகட்டில், முழுக் கறுப்புக்கு நடுவே, ஒரு கட்டைவிரல் ரேகை பளபளவென்று தெரிந்தது. அடுத்த தகட்டிலும் அதே. ஐந்து தகடு தொடர்ச்சியாக. வெறும் விரல் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை தகட்டில் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் மட்டும் ஆசிட் துளைக்காது. சாதாரண மூஞ்சியாக இருந்தால் கூடையில் போட்டிருப்பாள். ஆனால் அந்த ரேகையின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அந்தக் கோடு அவள் பல் போட்ட கோடு.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தொட்டிக் கையுறை தடிமனானது, தகடு வழுக்கும், வழுக்கினால் உடையும். யார் அதிகம் உடைத்தார்கள் என்று பலகையில் சிவப்பு மையில் பெயர் எழுதுவார்கள். இரண்டு வாரமாக அத்தான் பெயர்தான் மேலே இருந்தது. பிடிமானத்துக்காக அவர் வலது கையுறையின் மூன்று விரல் நுனிகளை வெட்டியிருக்கிறார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். வெளி ஆளுக்கு ஆசிட் என்றாலே பயம், எங்களுக்குத்தான் அது பழகிப்போன தண்ணீர். புகைகிற தொட்டியாக இருந்தால் வெட்டியிருக்க மாட்டார். ஊமைத் தொட்டிதானே என்று வெட்டிவிட்டார். அதே கையை விட்டு உடைந்த துண்டுகளையும் பொறுக்கியிருப்பார்.

அக்கா தகட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். முகக் கவசத்தை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அவரிடம் பேசினாள். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள், அவள் சொன்னதை அவர்கள்தான் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

"கிளவுஸைக் கழட்டிட்டுக் கையைக் கழுவுங்க. போய் ஜெல்லி போட்டுக்கோங்க. உள்ள இறங்கிடும்."

"நீ எனக்குச் சொல்ல வர்றியா?"

"உங்க விரல்தாங்க இது. பாருங்க."

அவள் தகட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நின்ற இருவரில் ஒருவன் சிரித்துவிட்டான். அவ்வளவுதான். அத்தான் அந்தக் கையாலேயே அறைந்தார். தொட்டியிலிருந்து எடுத்த ஈரம் காயாத கை. தகடு தூள்தூளானது. அவள் இரும்பு மேடையில் இடித்துக்கொண்டு கீழே விழுந்தாள். விழுந்தவளை இடுப்பில் ஓர் உதையும் உதைத்தார். சிரித்தவன் ஓடிப்போய்க் கூட்டத்தைக் கூட்டினான். அத்தான் குழாயில் கையைக் கழுவுவதாகப் பேர் பண்ணிவிட்டு, வெட்டிய கையுறையைக் குப்பையில் அமுக்கிவிட்டு, புதுக் கையுறையை ஈரக் கையின் மேலேயே மாட்டிக்கொண்டார். ஊமை ஆசிடை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.

பார்த்த இருவரும் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சொந்தக்காரி என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் முதலுதவி அறைக்குப் போனபோது நர்ஸம்மா அவள் கன்னத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஜெல்லியைப் பிதுக்கித் தேய்த்தார். அத்தான் கதவில் சாய்ந்து நின்றார். கிளினிக்கில் நிற்கிற அதே நிற்பு. வலது கை, புதுக் கையுறைக்குள், ஏப்ரன் பையில் இருந்தது.

"எப்படிம்மா ஆச்சு?" என்று நர்ஸம்மா கேட்டார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். அக்கா அவரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. ஒரு தகட்டைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, உள்ளே ஏதாவது தெரிகிறதா இல்லையா என்று பார்த்தாள். அவர் தலையைத் தரைப்பக்கம் லேசாக அசைத்தார். சொல்லு என்று அர்த்தம்.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் அக்கா.

"தொட்டித் தண்ணி வேற யார் மேலயாவது பட்டுதா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இப்பப் போட்டாத்தான் ஆச்சு."

அக்கா மறுபடியும் அவரைப் பார்த்தாள். இந்த முறை நானும் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"இல்லம்மா. யார் மேலயும் படல."

நர்ஸம்மா அதை எழுதிக்கொண்டார். எனக்கு அப்போது ரேகை விஷயம் தெரியாது. அவர் கையில் ஆசிட் இருந்ததும் தெரியாது என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் பொய். கன்னத்தில் அறை விரல் விரலாகப் பதிந்திருந்தது, ஆசிட் பட்டதும் அந்தத் தடத்தில்தான். அது வந்த கை எதுவென்று புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. எனக்கும் வாய் இருந்தது. வாணலியைத் தூக்கத் தெரிந்த எனக்கு அதைத் திறக்கத் தெரியாதா? நான் என் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றேன். நர்ஸம்மா மிச்ச ஜெல்லிக் குழாயை அக்காவிடம் கொடுத்து, வீட்டில் மணிக்கு ஒருமுறை தேய்க்கச் சொன்னார். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். அன்று மூன்று மணி வரை ஒரு மூஞ்சியைக்கூட அவள் தவறவிடவில்லை.

ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகும்போதே அத்தான் கையை உதறிக்கொண்டிருந்தார். அவள் தனியாக இருக்க வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். நாலு மணிக்கு ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரலைத் தண்ணீர் வாளியில் முக்கினார். பிறகு வாளியை உதைத்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மெழுகுபோல வெளுத்து, நகத்துக்கடியில் கறுக்க ஆரம்பித்திருந்தன. யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் அடிக்கிறார்கள் என்று கத்தினார். கையைச் சுவரில் மோதினார், கதவில் மோதினார். அக்கா கிட்டே வந்ததும் இடது கையால் அவள் வாயில் குத்தினார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. மகள் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த ஜெல்லி எங்கடி?"

அக்கா கைப்பையைத் திறந்து குழாயை எடுத்தாள். அவர் முன்னால் மண்டியிட்டு, அந்த விரல்களை மடியில் வைத்து, ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தேய்த்துவிட்டாள். நானாக இருந்தால் சாக்கடையில் பிதுக்கியிருப்பேன். அவர் பெரிய பிள்ளை மாதிரி அழுதார். "காலைலயே சொன்னேனே" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அது குத்திக்காட்டுவதா, வருத்தமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

ஐந்தரை மணிக்கு மருத்துவமனையில் இருந்தோம். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, விரல்களுக்குள் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்று நாள் கழித்துக் கட்டைவிரலையும் அடுத்த இரண்டையும் எடுத்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது சொல்லியிருந்தால் மூன்றும் இருந்திருக்கும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் இன்னும் போகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் நாள் மாலை நடந்தது. டாக்டரம்மா கட்டிலருகே பேப்பரோடு வந்து, எப்படி ஆச்சு என்று அவரிடம் கேட்டார். கையுறையை வெட்டியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அந்த வலியிலும் அவருக்கு நினைப்பு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"வழுக்கி விழுந்துட்டேன், மேடம்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அக்காவும் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கி விழுந்தா மூணு விரல்ல மட்டும் எப்படிப் படும்?" என்று டாக்டரம்மா கேட்டார். அவர் பார்வை அக்காவின் கன்னத்துக்குப் போயிற்று. அங்கே நான்கு விரல் அகலத்தில் தோல் வெளுத்திருந்தது.

"அவர் வழுக்கி விழல" என்றாள் அக்கா. கிழிந்த உதட்டால் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் வார்டில் எல்லோருக்கும் கேட்டது. "கிளவுஸை வெட்டிட்டுத் தொட்டியில கைய விட்டாரு. கழுவச் சொன்னேன். அதே கையால என்னை அடிச்சாரு. அவர் கையில அது இருக்குன்னு எனக்குத் தெரியும். நர்ஸம்மா கேட்டாங்க. நான் சொல்லல."

அத்தான் கட்டிலில் எழுந்திருக்கப் பார்த்தார். பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அமுக்கினார்கள். டாக்டரம்மா பேப்பரில் இருந்ததை அடித்துவிட்டு, ஆசிட் எவ்வளவு பட்டிருக்கும் என்று தெரிய வேண்டும், அதனால்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எத்தனை தடவை அடிச்சாரும்மா?"

அக்கா புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கா?" என்று கேட்டாள்.